முயல் காதில் எழுதிய எண்

ஜூன் 27

பத்து நிமிடப் பேச்சுக்காகக் காலை முழுக்க மருத்துவமனையில் காத்திருந்தேன். டாக்டர் ரகுராமன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். போர்வெல் வண்டியில் இரும்புக் குழாய் நழுவி விழுந்த இடத்தில், என் வீட்டுக்காரர் பூபதியின் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு எலும்பே இல்லை. நொறுங்கியதையெல்லாம் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். கம்பி வைத்து நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழி. ஒன்று, அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே வெட்டி வைப்பது. இன்னொன்று, மாட்டெலும்பைச் சுட்டுச் செய்த வெள்ளைப் பொடி. பொடி என்று சொல்கிறார்களே தவிர, பார்க்க ரவை மாதிரி இருக்கும். அதை வைத்தால் நம் எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளரும். வெளிநாட்டுப் பொடி பல வருடமாகக் கிடைக்கிறது. இது உள்ளூர்க் கம்பெனி ஒன்று புதிதாகச் செய்வது. நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அதே பொடிதான் பெருந்துறைப் பக்கம் நான் வேலை செய்யும் சோதனைக்கூடத்தில் முயல்களின் தொடையெலும்பில் இருக்கிறது. திசுவை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு சொல்கிற கால்நடை டாக்டர் நான்தான். இதைச் சொன்னதும் ரகுராமனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும் மேடம்."

பூபதி படுத்தபடியே என்னைப் பார்த்தார். "நீ பாத்தீல்ல அம்மிணி, முயலுக்கு எப்படி இருந்துச்சு?"

"நாலு வாரத்துக்குப் பாத்ததுல சுத்தமா இருந்துச்சுங்க. ஆறு மாசத்துது இன்னும் வரோணும்."

"நீ சுத்தம்னா சுத்தந்தான். இடுப்பையும் எதுக்கு வெட்டிக்கிட்டு? இதையே போட்டுரச் சொல்லு."

போடச் சொல்லிவிட்டேன். வரும் வழியில் ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றார்கள். நான் போகும்போது மட்டும் எப்போதும் தீர்ந்துவிடும்.

ஜூலை 4

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "எங்காலுக்குள்ள மாடு பூந்துருச்சு. வர்ற பட்டிப் பொங்கலுக்கு எனக்கும் சேத்துப் பெயிண்ட் அடிச்சு உட்ரு." நர்ஸ் சிரித்த சிரிப்பில் குளுக்கோஸ் பாட்டிலைக் கவிழ்க்கப் பார்த்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவை.

ஜூலை 20

தையல் பிரித்தாயிற்று. காயம் அழகாக மூடியிருக்கிறது. நான்கு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரித் தண்ணீர் வாங்குகிறோம். ஊருக்கெல்லாம் போர் போட்டுக் கொடுத்தவர் வீட்டு லட்சணம் இது.

ஆகஸ்ட் 11

பொடி வைத்து மூன்று மாதம் ஆன முயல்களின் ஸ்லைடுகள் இன்று வந்தன. மஞ்சள் அட்டை நான்கு, நீல அட்டை நான்கு.

எங்கள் முறை இதுதான். ஒரு நிறத்து முயல்களுக்குப் புதிய பொடி, இன்னொரு நிறத்துக்குப் பழைய வெளிநாட்டுப் பொடி. எது எந்த நிறம் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக. தர மேலாளர் சத்தியநாதன் மட்டும் அதை உறையில் போட்டு ஒட்டிப் பீரோவில் வைத்திருக்கிறார். எல்லாம் முடிந்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரிப்பார்.

மஞ்சள் நான்கும் நன்றாக இருக்கின்றன. பொடியைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருக்கிறது. நீலம் நான்கும் நன்றாக இல்லை. பொடியைச் சுற்றிச் சீழ். பக்கத்து எலும்பு அரித்துப் போயிருக்கிறது. மாட்டெலும்பைச் சுடும்போது கொழுப்பும் மாமிசமும் துளிகூட மிஞ்சாமல் எரிய வேண்டும். மிஞ்சினால் உடம்பு கண்டுபிடித்துவிடும். அந்நியனை உள்ளே வைத்துக்கொண்டு அது சும்மா இருக்காது.

சத்தியநாதன் சாரிடம் போய், உறையைப் பிரிக்கலாமா என்று கேட்டேன்.

"நடுவுல பிரிச்சா டெஸ்டே செல்லாதுன்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்? மொத்தம் எட்டு முயல். இதை வெச்சு என்ன சொல்ல முடியும்? நவம்பர்ல பெரிய செட் வருது. பாத்துக்கலாம்."

அவர் சொல்வது சரிதான். விதி அப்படித்தான்.

ஆகஸ்ட் 12

நீலம் வெளிநாட்டுப் பொடியாகக்கூட இருக்கலாம். கப்பலில் வந்தது, துறைமுகத்தில் வெயிலில் கிடந்திருக்கும். யார் கண்டார்கள்?

இன்று பூபதி ஊன்றுகோலில் வாசல் வரை நடந்தார்.

ஆகஸ்ட் 30

காலில் தையல் போட்ட இடத்தின் கீழ்முனையில் கொஞ்சம் ஈரம். புழுக்கம் தாங்கவில்லை, யாருக்குத்தான் வியர்க்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டேன்.

செப்டம்பர் 15

ரகுராமன் ஈரத்தைத் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "சுகர் கொஞ்சம் இருக்கு இல்லையா, அதனால இருக்கும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சுகர் இருப்பது உண்மைதான். நான் எத்தனை தடவை சொன்னாலும் டீயில் இரண்டு கரண்டி போடாமல் குடிக்கமாட்டார்.

செப்டம்பர் 30

நாளை ஆயுத பூஜை. சோதனைக்கூடமே அமளி. மைக்ராஸ்கோப்பைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். கண்ணாடியில் படாமல் வை என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டே நானும் சுற்றி வந்தேன்.

மதியம் முயல் அறைக்குப் போனபோது ஒரு நிமிடம் அசந்து நின்றுவிட்டேன். கூண்டுகளை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் சாய்த்திருக்கிறார்கள். ஆறு மாதச் சோதனைக்கு மிச்சமிருக்கும் பதினாறு முயல்களும் நடைபாதையில் ஒன்றாகத் தாவிக்கொண்டிருந்தன. நெற்றியில் சந்தனம், குங்குமம். காதெல்லாம் எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் மாரப்பன் சாம்பிராணியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"மிசினுக்கெல்லாம் பொட்டு வெக்கறீங்க டாக்டரம்மா, இதுகளாலதானுங்க நமக்குச் சோறு. அதான் மஞ்சத்தண்ணி தொட்டுத் தொடச்சு, காதுக்கு எண்ண போட்டு உட்டனுங்க."

காதின் உள்பக்கம்தான் ஒவ்வொன்றின் எண்ணையும் மையால் எழுதியிருப்போம். வாரம் ஒரு தடவை அழியாமல் மேலே எழுதவேண்டும். மஞ்சளா நீலமா என்பது கூண்டு அட்டையில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்ததில் பதினாறு காதும் வெள்ளை வெளேர் என்று இருந்தன.

"மாரப்பண்ணா, நம்பரு?"

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு சிரித்தார். "எனக்கு மொகந் தெரியாதுங்களா? அததும் அதது கூண்டுக்குப் போயிருமுங்க. நாம் பாத்து உட்டுப்போட்டு, கூண்டு அட்டையப் பாத்து நம்பரு போட்டர்றனுங்க."

எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே எடை. ஆனால் அவர் தினமும் தீனி வைக்கிறவர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? வரும்போது பொரியும் கடலையும் வாங்கி வந்தேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. வீட்டில் கிரைண்டர், தையல் மிஷின், அவருடைய ஸ்பானர் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ஊன்றுகோலுக்கும் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அக்டோபர் 21

தீபாவளிக்குப் பலகாரம் எதுவும் செய்யவில்லை. கடையில் அரைக் கிலோ மிக்சர். அவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இந்த மழையில் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்.

அக்டோபர் 28

இன்று முயல்களை எடுக்கிற நாள். "எடுக்கிறது" என்றுதான் எங்கள் இடத்தில் எல்லோரும் சொல்வோம். வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசி போட்டதும் ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்து, தலையைத் தடவிக்கொண்டே பிடித்திருந்தார் மாரப்பன். பதினாறும் முடிந்த பிறகு கூண்டு கழுவப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

தொடையெலும்புகளை அமிலத்தில் போட்டாயிற்று. சுண்ணாம்புச் சத்து கரைந்து மெத்தென்று ஆனால்தான் வெட்ட வரும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

நவம்பர் 8

ஈரம் என்று இனி சொல்ல முடியாது. சீழ்தான். எழுதிவிட்டேன்.

ரகுராமன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "ரெண்டு வழிதான் மேடம். திறந்து அந்தப் பொடி மொத்தத்தையும் வழிச்சு எடுத்துடலாம். அப்படி எடுத்தா கூட வளர்ந்திருக்கிற எலும்பும் போயிடும், ஒரு வருஷம் பின்னாடி போயிடுவோம். ஆனா கால் தப்பிக்கும். இல்ல, பொடி மேல தப்பில்லைன்னா அதைத் தொடாம மருந்துலயே அடக்கிப் பாக்கலாம். உங்க ஆறு மாச ரிப்போர்ட் வந்துடட்டும். அதை வெச்சு முடிவு பண்றேன்."

"எத்தனை நாள் தாங்குமுங்க டாக்டர்?"

"ரெண்டு வாரம்னா பரவாயில்ல."

பூபதியை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தேன். பழையபாளையம் திரும்பும்போது, "இன்னொருக்கா அறுக்கச் சொன்னா என்னால முடியாது அம்மிணி" என்றார். இந்த மனிதர் என்னிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

நவம்பர் 17

ஸ்லைடுகள் வந்துவிட்டன. காலையிலிருந்து மாலை வரை பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

மஞ்சளில் எட்டு: நான்கு நன்றாக இருக்கின்றன, நான்கில் சீழ். நீலத்தில் எட்டு: நான்கு நன்றாக இருக்கின்றன, நான்கில் சீழ்.

நடுவாந்திரமாக ஒன்றுகூட இல்லை. ஒன்று பளிங்கு மாதிரி, இல்லையென்றால் அழுகல். ஆகஸ்டில் ஒரு நிறம் முழுக்க நன்றாகவும் இன்னொரு நிறம் முழுக்கக் கெட்டும் இருந்தது. இப்போது இரண்டிலும் பாதிப் பாதி.

முயலுக்கு முயல் உடல்வாகு மாறும்.

நவம்பர் 18

மாரப்பனைக் கூப்பிட்டு, ஆயுத பூஜையன்று முகம் பார்த்துத்தான் கூண்டில் விட்டீர்களா என்று கேட்டேன்.

"ஆமாங்க" என்றார். பிறகு, "பாத்துத்தானுங்க உட்டேன்" என்றார். நான் ஸ்லைடுப் பெட்டியை மூடினேன். "கடேசில ரெண்டு மூணுல கொஞ்சம் தடுமாறிப்போச்சுங்க. எல்லாம் ஒண்ணுகணக்கா இருந்துச்சு. ஏனுங்க டாக்டரம்மா, ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"ஒண்ணுமில்ல, போங்க" என்றேன்.

சத்தியநாதன் சாரிடம் முடிவைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ரெண்டு பக்கமும் சமமா இருந்தா ஆபரேஷன் பண்ணினப்ப சுத்தம் பத்தலைன்னு அர்த்தம். பொடி மேல என்ன தப்பு? புதுசும் பழசும் ஒண்ணு. வேறுபாடு இல்லை. அப்படியே எழுதிடுங்க."

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் கேட்டார். கேட்கவில்லை என்று நான் சொல்ல முடியாது.

நவம்பர் 19

காலையில் ராகிக்களி கிண்டினேன். அவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. கால் சூடாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். காது எண் அழிந்துவிட்டது, சோதனை செல்லாது என்று நான் எழுதினால் என்ன ஆகும்? மாரப்பனுக்கு வேலை போகும். இன்னொரு ஆறு மாதம், இன்னொரு செட் முயல். ரகுராமன் காலைத் திறப்பார். இவர் முடியாது என்று சொன்ன பிறகும் திறப்பார். வேறுபாடு இல்லை என்று எழுதினால் அது நல்ல பொடி. நல்ல பொடிதான் அவர் காலில் இருக்கிறது என்று ஆகும். அவருக்குக் காய்ச்சல், சுகர், மழை. எல்லாம் மருந்தில் அடங்கும்.

மாரப்பன் சரியாகத்தான் விட்டிருப்பார். கடைசி இரண்டு மூன்றுதானே.

மாலை கையெழுத்துப் போட்டேன். சத்தியநாதன் சார் உடனே உறையைப் பிரித்தார். நீலம்தான் புதிய பொடி. இனி அதனால் என்ன, இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டதே.

நவம்பர் 22

பூபதியை மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. ரகுராமன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார். "உங்க கையெழுத்தைப் பாத்தேன் மேடம். அப்போ திறக்க வேண்டாம். ஊசி மருந்தை மாத்தறேன்."

பூபதி என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

நவம்பர் 23

துணி துவைத்தேன்.

டிசம்பர் 1

பாதத்தின் நிறம் மாறியிருக்கிறது. அவரை மாற்றியிருக்கும் ஐ.சி.யு.வில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அந்தத் தரை அவ்வளவு குளிர்ச்சி.

டிசம்பர் 6

காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்றைக்கு எடுக்காவிட்டால் ஆளே இருக்கமாட்டார் என்றார் ரகுராமன். இரண்டு வாரத்துக்கு முன்னால் திறந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அப்படித் தோன்றவும் இல்லை. சுகர் இருந்தால் சில பேருக்கு இப்படித்தான் ஆகும் என்று என் தோளைத் தட்டினார்.

நான் அழுதேன். அவருடைய காலுக்காக மட்டும் அழுததாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 26

வேலைக்குப் போனேன். பொடிக் கம்பெனி விதிப்படி, எடுத்த காலின் எலும்புத் துண்டு எங்கள் கூடத்துக்குத்தான் வந்திருந்தது. அமிலத்தில் ஊறி, வெட்டப்பட்டு, ஸ்லைடாக என் மேஜையில் இருந்தது. பெயர் எழுதவில்லை. பொடி வைத்துக்கொண்டவர்களில் கால் போனது ஒருவருக்குத்தான், பெயர் எதற்கு?

"நீங்க பாக்க வேண்டாம் மேடம், கோயமுத்தூருக்கு அனுப்பிடலாம்" என்றார் சத்தியநாதன் சார். நானே பார்க்கிறேன் என்றேன்.

ஆகஸ்டில் நீல முயல்களில் பார்த்த அதே சீழ், அதே அரிப்பு. மனித எலும்பு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மாரப்பன் முயல்களை மாற்றி விட்டுவிட்டார். அழுகிய எட்டும் புதிய பொடி, நன்றாக இருந்த எட்டும் பழைய பொடி. பாதியைப் பாதியோடு கலந்தால் சமமாகத்தான் வரும். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் பட்டம் தேவையில்லை. நவம்பர் பதினேழாம் தேதி மாலையே எனக்குத் தெரியும். அன்றைக்கு இந்த நோட்டில்கூட எழுதத் துணிவில்லாமல் உடல்வாகு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 30

பூபதி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. இன்று காலை, அவரோடு போர்வெல் வண்டியில் கூட்டாளியாக இருக்கும் ராசு அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"அந்தப் பொடிதான் பூபதி இத்தனைக்கும் காரணம். எம்பட மச்சான் வக்கீலுதான், கேஸு போட்டுப்போடலாம்" என்றார் ராசு அண்ணன்.

"சும்மா இரு ராசு. அது எம்பட ஊட்டுக்காரி டெஸ்ட் பண்ணிப் பாத்த பொடி. அவ கையெழுத்துப் போட்டு உட்டதுல தப்பு வருமா? வெண்டக்கா வாங்கினாலே ஒவ்வொண்ணா ஒடச்சுப் பாத்து எடுக்கறவ அவ. எம்பட ஒடம்புதான் ஒத்துக்கல."

காபியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். யோசித்துக்கொண்டு வரவில்லை. வாய் தானாகப் பேசியது.

"அது பாஸ் ஆகலைங்க. நாந்தான் பாஸ் போட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், நீலம், காதில் தேய்த்த எண்ணெய், ஸ்லைடு, ரகுராமன் எதற்காகக் காத்திருந்தார் என்பது. ராசு அண்ணன் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பூபதி இல்லாத காலின் பக்கம் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். திரும்பவும் சரிசெய்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முந்தியே உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

அடிப்பார், கத்துவார், அழுவார் என்று நின்றேன். எது செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"எம்மாதிரி இன்னும் எத்தன பேரு ஒடம்புல அது இருக்குது?"

"முப்பத்தோரு பேருங்க."

"அவீகளுக்குச் சொல்லிட்டயா?"

"இல்லீங்க."

"அப்பொறம் இங்கென்ன பண்ணிக்கிட்டு நிக்கற?"

கட்டியிருந்த சேலையோடு, இந்த நோட்டு இருக்கும் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மருத்துவமனையில் ரகுராமனின் அறை பூட்டியிருந்தது. தியேட்டரில் இருக்கிறார் என்றாள் நர்ஸ். என்ன ஆபரேஷன் என்று கேட்டேன்.

"எலும்புக்குப் பொடி வெக்கறதுங்க மேடம். ரிப்போர்ட் நல்லா வந்துருச்சில்ல, இப்ப நெறையாப் பேருக்கு அதையேதான் வெக்கறாரு."

தியேட்டர் கதவைத் தட்டினேன். கையால் தட்டி, பிறகு இரண்டு கையாலும் அடித்தேன். பச்சை உடுப்பில் ஒரு பையன் எட்டிப் பார்த்து, சத்தம் போடாதீங்க, வெச்சு முடிஞ்சிருச்சு, தையல் போட்டுட்டு இருக்காங்க என்றான்.

அவர் வெளியே வருவதற்காக பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிர் பெஞ்சில் ஒரு பெண் கையில் பிளாஸ்க்கோடு அதே கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருப்பது அவள் கணவராம். முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். இப்போது முப்பத்திரண்டு பேர்.